இங்கிலாந்தில் ராஜா இருந்தும் ஆட்சி நாடாளுமன்றத்திடம் போனது எப்படி?

பலரும் 1215-இன் மேக்னா கார்ட்டாவில் இருந்து தொடங்குவார்கள். அது பிரபுக்கள் ஜான் மன்னரிடம் பெரும்பாலும் தங்களுக்காக வாங்கிய உறுதிமொழி. ஆனாலும் ராஜாவும் சட்டத்துக்குள்தான் என்ற எண்ணம் அங்கே ஊன்றியது. அப்புறம் 1649-இல் முதலாம் சார்லஸின் தலையையே வெட்டி, மன்னர் இல்லாமல் 11 வருடம் ஓட்டிப் பார்த்து, சரிப்படாமல் அவர் மகனையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

உண்மையான திருப்பம் 1688தான். அப்போதைய மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடிவிட, அவர் மகள் மேரியையும் மருமகன் வில்லியமையும் அரியணையில் ஏற்றிய நாடாளுமன்றம், தன் ஒப்புதல் இல்லாமல் வரி போடவோ, அமைதிக் காலத்தில் படை வைத்திருக்கவோ, சட்டத்தை நிறுத்திவைக்கவோ கூடாது என்று 1689 உரிமைச் சட்டத்தில் எழுதிவிட்டது. கஜானா சாவி கைமாறிய பிறகு ராஜா என்ன செய்வார்? பிரான்சோடு சண்டை போட வில்லியமுக்குக் காசு வேண்டும், அதனால் வருடா வருடம் நாடாளுமன்றத்தைக் கூட்டியே ஆக வேண்டியிருந்தது.

மிச்சமெல்லாம் பழக்கத்தில் வந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் தரப்பு ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708-இல், ஆன் அரசி காலத்தில். 1714-இல் ஜெர்மனியில் இருந்து வந்த முதலாம் ஜார்ஜ் சில வருடங்களில் அமைச்சரவைக் கூட்டங்களுக்குப் போவதையே விட்டுவிட, பிறகு அந்த இடத்தில் அமைச்சர் ராபர்ட் வால்போல் ஆதிக்கம் செலுத்தினார். அவரைத்தான் முதல் பிரதமர் என்கிறார்கள், அன்றைக்கு அப்படி ஒரு பதவியே சட்டத்தில் இல்லை.