அழுத்தம் கிடக்கட்டும், தண்ணீர் எங்கே போகிறது?

காற்றடைத்த சிலிண்டரில் இயங்கும் ஏர் ரைபிள்களின் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துப்பாக்கியை விட்டுவிட்டு, அதன் சிலிண்டரில் காற்றை அடைக்கும் கம்ப்ரஸரைப் பற்றியே கேட்கின்றன. கோவை நூற்பாலை ஒன்றின் கம்ப்ரஸர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது மகிழ்ச்சிதான். கேட்ட வரிசையில் இல்லாமல், அவசரமானவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். (கீழே அடிக்கடி வரும் 'பார்' என்பது அழுத்தத்தின் அளவு; ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்.)

என் மைத்துனர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் உள்ள ஆக்சிஜன் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருக்கிறது. ஓர் அடாப்டர் செய்து அதிலிருந்தே நிரப்பிக்கொண்டால் கம்ப்ரஸர் செலவு மிச்சம்தானே?
– ஒரு வாசகர், ஓசூர்

கூடாது. இந்த வரியைப் படிக்கும் முன்பே அடாப்டர் செய்திருந்தால் அதை இன்றே உடைத்துப் போடுங்கள். துப்பாக்கியின் வால்வில், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில், குழாயில் எங்கேயாவது ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ கட்டாயம் இருக்கும். உயர் அழுத்த ஆக்சிஜன் அதன்மேல் பாயும்போது நெருப்பு வைக்க யாரும் தேவையில்லை, தானாகவே பற்றிக்கொள்ளும். வெடிப்பது உங்கள் கன்னத்துக்கு அருகில் இருக்கும். வெல்டிங் பட்டறையிலேயே ஆக்சிஜன் ரெகுலேட்டருக்கு எண்ணெய் போடக் கூடாது என்பதுதான் முதல் பாடம். உங்கள் மைத்துனரைக் கேட்டாலே சொல்வார்.

ஐயா, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி பெறுகிறாள். பழைய ஜெர்மன் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறோம். சிலிண்டர் 200 பார். ஒவ்வொரு முறையும் காற்று நிரப்பத் திருச்சிக்குப் போகவேண்டியிருக்கிறது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சிறிய கம்ப்ரஸர் தேடினால் 300 பார், 400 பார் என்று விளம்பரம் செய்கிறார்கள். விலையும் ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு வித்தியாசம். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த 400-ஐ முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் சிலிண்டருக்கு வேண்டியது 200. ஏர் ரைபிளுக்கென்று சந்தையில் விற்கும் எந்தச் சிறிய கம்ப்ரஸரும் அதை எட்டிவிடும். கடைக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: காற்றோடு வரும் தண்ணீரை இந்த எந்திரம் எங்கே பிரித்து வெளியேற்றுகிறது?

கணக்கைப் பாருங்கள். போட்டித் துப்பாக்கியின் சிலிண்டர் ஏறத்தாழ 0.2 லிட்டர் கொள்ளும். 200 பாருக்கு நிரப்ப, வெளிக்காற்றில் 40 லிட்டரை உள்ளே அடைக்கவேண்டும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் (நம் கடலோர மாவட்டங்களில் அது சாதாரண நாள்) ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அப்படியானால் 40 லிட்டரில் ஒரு கிராம். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போலக் காற்றை இருநூறில் ஒரு பங்காக நெருக்கும்போது, அந்த ஒரு கிராமில் பெரும்பகுதி நீராவியாக நிற்க இடமில்லாமல் தண்ணீராகிவிடும். கம்ப்ரஸரிலேயே அது பிரிந்து வெளியேறவேண்டும். இல்லையென்றால் சிலிண்டருக்குள் போய்ச் சேரும்.

ஒரு கிராம்தானே என்று தோன்றும். வாரம் இரண்டு முறை, 80 பாரிலிருந்து 200 வரை நிரப்புகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் அரை கிராமுக்குச் சற்று மேல். ஓர் ஆண்டில் ஐம்பது கிராமைத் தாண்டும். அதில் ஒரு பங்கு உள்ளே போனாலும் போதும்: எஃகு சிலிண்டர் என்றால் துரு, அலுமினியம் என்றால் வெள்ளைப் பூப்பு. குண்டுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டருக்குள் அடுக்கியிருக்கும் வில் வாஷர்கள் கறுத்துப்போகும். அதன்பிறகு குண்டின் வேகம் ஒரே சீராக இருக்காது. உங்கள் மகள் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வாள்.

நூற்பாலையில் நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் எந்திரங்களுக்கு வெறும் ஆறு, ஏழு பார் காற்றுதான் அனுப்புவோம். அதையே குளிர்வித்து உலர்த்திய பிறகுதான் குழாயில் விடுவோம். இல்லையென்றால் மேற்பார்வையாளர் கம்ப்ரஸர் அறைக்கு ஓடி வந்துவிடுவார். நூலுக்குக் கொடுக்கும் மரியாதையை 200 பார் சிலிண்டருக்குக் கொடுக்க வேண்டாமா?

ஆகவே, விலை மலிந்த எந்திரத்தையே வாங்கினாலும், அதன் வெளிவாயிலுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் தனியாக ஓர் உயர் அழுத்த ஈர வடிகட்டி பொருத்துங்கள். சில எந்திரங்களோடு தரும் சுண்டுவிரல் அளவு பஞ்சுக் குப்பியை மட்டும் நம்ப வேண்டாம். கையளவு நீளமாவது இருக்கவேண்டும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறுச் சல்லடை மணிகள் அடைத்ததாக இருந்தால் நல்லது. அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் திருகு அவசியம். அழுத்தம் ஏறிய பிறகு காற்று வடிகட்டியைக் கடந்தால்தான் நீர் நன்றாகப் பிரியும் என்பதால், குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை காற்றை வெளியே விடாத வால்வு உள்ள வடிகட்டி கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்குங்கள். உள்ளே இருப்பது ஈரம் பட்டால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் என்றால் அடுப்பில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். மூலக்கூறுச் சல்லடைக்கு 200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் ஈரத்தை இன்னும் குடித்துக்கொண்டு வரும். புதிதாக வாங்கி மாற்றிவிடுவதே எளிது.

செலவில்லாத உபாயம் ஒன்று. வீட்டில் ஏசி அறை இருந்தால் கம்ப்ரஸரை அங்கே வைத்து ஓட்டுங்கள். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டருக்கு 11 கிராம்தான் நீராவி. வெளிக்காற்றில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. எந்திரமும் கொஞ்சம் சூடு தணிந்து ஓடும். சத்தத்துக்கு வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு.

அடுத்தது, தானாக நிற்கும் வசதி. 200 என்று வைத்தால் 200-ல் நிற்கவேண்டும். ஆனால் அதை நம்பி எழுந்து காபி குடிக்கப் போகக் கூடாது. முள் உள்ள கேஜ் ஒன்று குழாயில் தனியாக இருக்கட்டும். சில எந்திரங்களில் அளவு பிஎஸ்ஐ-யில் வரும், சிலவற்றில் மெகாபாஸ்கலில். 200 பார் என்பது 2,900 பிஎஸ்ஐ, அல்லது 20 மெகாபாஸ்கல். இதை ஒரு தாளில் எழுதி எந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, உதிரி பாகங்கள். எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத சிறு கம்ப்ரஸர்களில் உயர் அழுத்தப் பக்கத்துப் பிஸ்டன் சீல் தேய்ந்தே தீரும். அந்த சீல், ஓ-ரிங்குகள், பாதுகாப்புத் தகடு ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று விலை பேசும் முன் கேளுங்கள். "அதெல்லாம் கெடவே கெடாது சார்" என்று பதில் வந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அழுத்தம் எல்லை மீறினால் முதலில் கிழிந்து நம்மைக் காப்பதற்கென்று வைத்ததுதான் அந்தத் தகடு. அது கிழியும்போது வெடிச் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். அதே அளவுத் தகட்டை மட்டுமே மாற்றுங்கள். தகடு கிடைக்காமல் அந்த இடத்தில் போல்ட்டை முறுக்கி அடைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில் பெரிய கம்ப்ரஸர் இருக்கிறதே, அதில் நிரப்ப முடியாதா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

முடியாது தம்பி. அந்தப் பெரிய தொட்டியில் இருப்பது பத்து பார் அளவு காற்று. கார் டயருக்கு இரண்டரை பார் போதும். உங்களுக்கு வேண்டியதோ இருநூறு. தொட்டி எத்தனை பெரிதாக இருந்தாலும் பத்து பத்துதான். காருக்கென்று விற்கும் சிறிய டயர் பம்புக்கும் இதே பதில்.

எங்கள் ஊரில் மின்வெட்டு அதிகம். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் வாங்கினால் காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகி ஓட்டலாமா? இல்லை, தண்ணீர் வாளியோடு வரும் பெரிய எந்திரத்தையே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

துளையில் செருகினால் ஃப்யூஸ் போகும். 300 வாட் எந்திரம் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும். அந்தத் துளையின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். பேட்டரி முனைகளில் நேரடியாகக் கவ்வியை மாட்டி, காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு நிரப்புங்கள். கார் புகை கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் பக்கம் வரக் கூடாது. ஒயரை நீட்டிக்கொண்டே போகவும் கூடாது; மெல்லிய நீள ஒயரில் வோல்ட்டேஜ் விழுந்து மோட்டார் திணறும். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தும் எடுக்கலாம். சில நிமிட வேலைக்கு அது தாராளம்.

தண்ணீர்க் குளிர்ச்சி எந்திரம் 1,800 வாட் அளவில் வருவது. அதற்கு 15 ஆம்பியர் பிளக் வேண்டும், ஒரு வாளி தண்ணீர் வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன கம்ப்ரஸர் எண்ணெய் வேண்டும். பைக்குக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பெரிய சிலிண்டரை நிரப்பி வைத்துக்கொள்வதென்றால் அது சரி. ஒரு துப்பாக்கிக்கு அது அதிகம். அதேபோல், சிறிய எந்திரத்தை வாங்கிவிட்டு அதைக்கொண்டு ஏழு லிட்டர் சிலிண்டரை நிரப்பப் பார்ப்பதும் தவறு. 0.2 லிட்டருக்கு 40 லிட்டர் காற்று; ஏழு லிட்டரை 300 பாருக்கு ஏற்ற 2,100 லிட்டர். பிஸ்டன் சீல் பாதி வழியிலேயே உயிரை விடும்.

நேற்று மாலை சரியாக 200 பார் நிரப்பினேன். இன்று காலை 188 காட்டுகிறது. புதுத் துப்பாக்கி. கடைக்காரரோடு சண்டை போடலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பொறுங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டருக்குள் காற்று சூடாகும். 50 டிகிரியில் 200 பார் இருந்த காற்று, 30 டிகிரிக்கு ஆறினால் 188 பார்தான் காட்டும். அது கசிவு இல்லை, இயற்பியல். ஆறிய பிறகு மீண்டும் 200-க்கு ஏற்றி வைத்து, அடுத்த நாள் அதே நேரத்தில் பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் ஓ-ரிங் போயிருக்கும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே பூசவேண்டும்.

இன்னொன்று: போட்டித் துப்பாக்கியில் ரெகுலேட்டர் இருக்கிறது. உள்ளே 200 இருந்தாலும் 150 இருந்தாலும் குண்டுக்குப் போகும் அழுத்தம் ஒன்றுதான். மொத்தக் குண்டுகளின் எண்ணிக்கை மட்டும் குறையும். தகுதிச் சுற்றுக்கு 60 குண்டு, அதற்கு முன் பார்வை சரிசெய்யச் சில. 188 தாராளமாகப் போதும்.

நான் புதுச்சேரியில் இருக்கிறேன். ஸ்கூபா டைவிங் செய்பவர்களிடம் காற்று கிடைக்கிறது. கம்ப்ரஸர் வாங்காமல் சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி

முடியும் அம்மா, உங்களுக்கு அதுவே மேல். மனிதர் மூச்சுவிடுவதற்காக நிரப்பும் காற்று என்பதால் ஈரமும் எண்ணெயும் நன்றாக நீக்கியிருப்பார்கள். சாதாரணக் காற்றுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் கூட்டிய கலவையும் அவர்களிடம் இருக்கும்; ஓசூர் வாசகருக்குச் சொன்ன அதே காரணத்தால் அது வேண்டாம். 12 லிட்டர் தொட்டியில் 200 பார் இருக்கிறதென்றால், உங்கள் சிலிண்டரை 80-லிருந்து ஒருமுறை ஏற்றுவதற்குத் தொட்டியில் இரண்டு பார்தான் குறையும். தொட்டி 150-க்கு இறங்கும்வரை கவலையின்றி ஓட்டலாம். சொந்தமாகத் தொட்டி வாங்கினால் அதன் கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் பாருங்கள். காலம் கடந்திருந்தால் நீரழுத்தச் சோதனை முடித்த பிறகே நிரப்பவேண்டும்.

மயில்கள் கடலையை நாசம் செய்கின்றன. சக்தி வாய்ந்த ஏர் ரைபிளும் கம்ப்ரஸரும் சேர்த்து என்ன விலை ஆகும்?
– ஒரு விவசாயி, திருப்பூர் மாவட்டம்

உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. எங்கள் உறவினர் தோட்டத்திலும் இதே கதைதான். ஆனால் மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் சிறை. வனத்துறை அலுவலகத்தில் பயிர்ச் சேதத்துக்கு மனு கொடுங்கள். விலை சொல்ல மாட்டேன்.

கைப்பம்பு போதாதா?
– ஒரு வாசகர், சேலம்

இளவயதும் பொறுமையும் இருந்தால் போதும். மூன்று கட்டமாக அழுத்தும் கைப்பம்பு 200 பார் வரை ஏற்றும். 150-க்கு மேல் உடல் எடை முழுவதையும் அதன்மேல் போடவேண்டியிருக்கும். நடுநடுவே நிறுத்திப் பம்பை ஆறவிட்டு, வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை விடுங்கள். போட்டிக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம், மறுநாள் தோள் நடுங்கும்.

பழைய துப்பாக்கி வாங்கினேன். சிலிண்டரில் 2011 என்று பொறித்திருக்கிறது. பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. புதுக் கம்ப்ரஸர் வந்ததும் நிரப்பலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

நிரப்பாதீர்கள். போட்டித் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள்தான் தருகிறார்கள். சிலிண்டரின் காலக்கெடுவுக்கு வீரரே பொறுப்பு என்று சர்வதேசப் போட்டி விதிகளும் சொல்கின்றன. வெளிப்பூச்சு பளபளப்பாக இருப்பதை வைத்து உள்ளே எத்தனை ஆண்டுத் தண்ணீர் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. கம்ப்ரஸருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் புதுச் சிலிண்டர் வாங்குங்கள். பழையதைக் காற்று முழுவதும் வெளியேற்றி, மரையை அறுத்து, யாரும் மீண்டும் மாட்ட முடியாதபடி செய்துவிட்டுப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள்.