டைல் சீலிங்கில் மேடை விளக்கு மாட்டலாமா?

கேள்வி: எங்கள் பள்ளிக் கலையரங்கில் இரண்டடிக்கு இரண்டடி டைல் போட்ட ஃபால்ஸ் சீலிங். ஆண்டு விழாவுக்காக எட்டு எல்இடி பார் (PAR) லைட் வாங்கியிருக்கிறோம். டைலைத் தாங்கும் டி-சட்டத்தில் மாட்டக் கிளிப் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். மாட்டலாமா?
- ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கூடாது. அந்தக் கிளிப் தோரணத்துக்கும் அட்டைப் பலகைக்கும் ஆனது. சட்டத்தை மேல்தளத்திலிருந்து தொங்கவிட நான்கடிக்கு ஒரு கம்பி என்றால், டைலும் சட்டமுமாகவே ஒவ்வொரு கம்பியிலும் ஆறேழு கிலோ தொங்கும். அந்தச் சட்டத்தில் மூன்று கிலோ விளக்கை ஒருபக்கமாக மாட்டினால், கம்பி அறுவதற்கு முன்பே சட்டம் முறுக்கிக்கொண்டு குறுக்குச் சட்டத்தின் கொக்கி கழன்றுவிடும். டைலைத் தூக்கிவிட்டு அதே கம்பியில் கட்டுவதும் ஆபத்துதான்.

பாரம் மேல்தளத்துக்குப் போக வேண்டும். நான்கைந்து டைலை எடுத்து மேலே பாருங்கள். கான்கிரீட் தளம் என்றால் ஆங்கர் ஃபாஸ்டனர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) அடிக்கலாம். போஸ்ட் டென்ஷன் தளமாக (உள்ளே எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய தளம்) இருந்தால் பொறியாளர் குறித்துக் கொடுக்காமல் துளையே போடக் கூடாது. மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால் ஃபாஸ்டனரை மறந்துவிடுங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் பிடிக்காது. தரையில் ஸ்டாண்டு நிறுத்தி, அடியில் மணல் மூட்டை வைப்பதே அங்கே சரி.

உங்கள் கணக்கு இப்படி வரும்: 40 எம்எம் ஜிஐ பைப் 20 அடி, சுமார் 22 கிலோ. விளக்குகள் 24, கிளாம்ப் 4, கேபிள் 5. மொத்தம் 55 கிலோ. சம இடைவெளியில் நான்கு இடத்தில் தொங்கவிட்டால் ஆளுக்குக் கால் பங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நடு இரண்டு இடங்களில் தலா 20 கிலோ விழும், ஓரங்களில் ஏழெட்டுதான். ஆள் நடமாடும் மேடைக்கு மேலே பத்து மடங்கு தாங்கும்படி பார்ப்பது வழக்கம். ஆக நான்கு இடமுமே 200 கிலோ தாங்க வேண்டும். நல்ல கான்கிரீட்டில் ஒழுங்காக அடித்த 10 எம்எம் ஃபாஸ்டனர் இதைத் தாங்கும்.

"ஒழுங்காக" என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடிப்பூச்சின் அரை அங்குலத்தை ஆழத்தில் சேர்க்கக் கூடாது. அதற்கும் மேலே கான்கிரீட்டுக்குள் முழு ஆழம் போக வேண்டும். துளைத் தூளை ஊதி வெளியேற்றாவிட்டால் பிடிப்பு குறையும். டிரில் கம்பியில் முட்டினால் துளையை நகர்த்துங்கள், கம்பியை வெட்டாதீர்கள். ஃபாஸ்டனரிலிருந்து பைப்பைத் தொங்கவிடும் திரட் ராடை (மரையிட்ட கம்பி) டைலின் நடுவில் போட்ட ஓட்டை வழியே இறக்குங்கள், டி-சட்டத்தில் உரசக் கூடாது. நட்டுக்கு மேல் லாக் நட்டும் போடுங்கள். பைப் ஆடினால் ராடு வேரில் வளைந்து வளைந்து முறியும். பக்கவாட்டில் இரண்டு சாய்வுக் கட்டு கொடுங்கள்.

கேள்வி: விளக்கை ஹூக் கிளாம்பில் மாட்டிய பிறகு சேஃப்டி செயின் எதற்கு? கேபிள் டை போதாதா?
- அலங்காரப் பந்தல் ஒப்பந்தக்காரர், மதுரை

பதில்: கேபிள் டை கேபிளைக் கட்ட மட்டும். கிளாம்ப் போல்ட் தளர்ந்தால் விளக்கைப் பிடிப்பது செயின்தான். அதைப் பைப்பைச் சுற்றி, விளக்கிலேயே அதற்கென உள்ள வளையத்தில் மாட்டுங்கள். தொய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஓரடி விழுந்து நின்றால் உதறலில் செயினே அறும். 1000 வாட் ஹாலஜன் பார் லைட் என்றால் கேபிளும் டைலும் அதன் சூட்டில் படாத தூரம் வேண்டும்.

கேள்வி: ராடுக்குப் பதில் 6 எம்எம் ஒயர் ரோப் போடுகிறோம். ரோப்பை மடக்கிக் கவ்வும் கிளிப்பை எந்தப் பக்கம் திருப்புவது?
- எலக்ட்ரீஷியன், கோவை

பதில்: பாரம் இழுக்கும் நீள ரோப்பின் மேல் கிளிப்பின் அடிக்கட்டை உட்கார வேண்டும். யு-போல்ட், ரோப்பின் வெட்டிய வால் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் இழைகள் நசுங்கும். மூன்று கிளிப், நாலு சென்டிமீட்டர் இடைவெளி, ரோப் மடங்கும் கண்ணில் திம்பிள் (உலோக வளைவு). பாரம் ஏற்றிய பின் ரோப் மெலியும். நட்டுகளை அப்போது ஒருமுறை மீண்டும் முறுக்குங்கள்.