பிரெக்சிட் சண்டையில் யார் ஜெயித்தால் நமக்கென்ன? மகளை மான்செஸ்டருக்கு அனுப்பட்டுமா, டப்ளினுக்கா?

கேள்வி: மேடம், என் மகள் பி.டெக். முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டேட்டா சயின்ஸ் எம்.எஸ்ஸி. படிக்க மான்செஸ்டரில் ஒரு இடம், டப்ளினில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டுமே ஒரு வருடப் படிப்பு, முக்கால்வாசி லோன்தான். என் அண்ணன், "பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வெளியே வந்து நாசமாப் போச்சு, டப்ளினுக்கு அனுப்பு, அந்த விசா இருந்தா ஜெர்மனி, பிரான்ஸ் எங்கே வேணாலும் வேலை பார்க்கலாம்" என்கிறார். என் மைத்துனர், "லேபர் கட்சி வந்தாச்சு, சீக்கிரம் திரும்பச் சேர்ந்துடுவாங்க, அப்புறம் இங்கிலாந்துக்கு ஈடே கிடையாது" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய இந்த பிரெக்சிட் சண்டைதான். நான் எங்கே பணம் கட்ட?
— நங்கநல்லூரிலிருந்து ஒரு அப்பா

பதில்: சார், இரண்டு பேர் சொல்வதும் தப்பு. முதலில் அதை முடித்துவிடலாம், அப்புறம் பணம் எங்கே கட்டுவது என்று பார்ப்போம்.

உங்கள் அண்ணன் சொல்வதை வாரம் ஒரு தடவையாவது பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிற என் ஆபீஸில் யாராவது மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்கிறார்கள். டப்ளின் இருக்கிற அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஷெங்கன் என்கிற பொது விசா ஏற்பாட்டில் அது இல்லை. பிரிட்டனும் ஒன்றியத்தில் இருந்த காலத்திலேயே அதில் சேரவில்லை. அதனால் இந்திய பாஸ்போர்ட்டில் டப்ளினில் படிக்கிற பெண் பாரிஸுக்கு மூன்று நாள் சுற்றிப் பார்க்கப் போனாலும் தனியாக ஷெங்கன் விசா வாங்க வேண்டும். மான்செஸ்டரில் படிக்கிற பெண்ணுக்கும் அதேதான், பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்த 2015லும் அதேதான். வேலை விஷயம் இன்னும் கறார். அயர்லாந்து தரும் வேலை அனுமதி அயர்லாந்தில் மட்டும்தான் செல்லும். படித்த வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி தரும் ஐரோப்பாவின் 'புளூ கார்டு' திட்டத்திலும் அந்த நாடு சேரவில்லை. ஒன்றியம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கிற உரிமை அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தானே தவிர, அங்கே படிக்கப் போகிறவர்களுக்கு இல்லை.

மைத்துனர் கதைக்கு வருவோம். 2024 தேர்தலில் ஜெயித்த லேபர் கட்சி, ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்கோ (ஒரே நாடு மாதிரி தடையில்லாமல் வியாபாரம் செய்வது) சுங்க ஒன்றியத்துக்கோ (உள்ளுக்குள் சுங்கவரி இல்லாதது) தடையற்ற குடிபெயர்வுக்கோ திரும்பப் போவதில்லை என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டுக் கேட்டது. 2025 மே மாதம் லண்டனில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி உறவைக் கொஞ்சம் சீர் செய்துகொண்டார்கள், உணவுப் பொருள் சோதனை, மீன்பிடிப்பு, இளைஞர்கள் கொஞ்ச காலம் போய் வருவதற்கு ஒரு திட்டம் என்று. அந்த இளைஞர் திட்டமும் அவர்கள் இரண்டு தரப்புப் பிள்ளைகளுக்கு, நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஒருவேளை நாளைக்கே பிரிட்டன் மனம் மாறினாலும் புதிதாக விண்ணப்பித்து 27 நாடுகளில் ஒன்று விடாமல் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு நாடு தலையாட்டவில்லை என்றால் முடிந்தது. 1963லும் 1967லும் பிரான்ஸ் அதிபர் டி கால் தனி ஆளாக மறுத்துத்தான் பிரிட்டன் 1973 வரை வாசலில் நின்றது. உங்கள் மகளின் லோனோ படிப்பு முடிந்த கொஞ்ச நாளிலேயே இ.எம்.ஐ. கேட்க ஆரம்பித்துவிடும்.

சரி, இவ்வளவு வருடமாகியும் ஏன் அந்த ஊரில் இந்தச் சண்டை ஓயவில்லை? 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் சீட்டில் இருந்த கேள்வி ரொம்பச் சின்னது, இருப்பதா வெளியேறுவதா. வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் இருக்கவே சொன்னார்கள், வட அயர்லாந்திலும் லண்டனிலும் பெரும்பான்மை அதே பக்கம். வெளியேறுவது என்றால் எதிலிருந்து, எவ்வளவு தூரம் என்று யாரும் சீட்டில் எழுதவில்லை. கூட்டுக் குடும்பத்தில் 'தனிக்குடித்தனம்' என்று ஒரு வார்த்தையில் முடிவு செய்துவிட்டு, சமையலறை யாருக்கு, மோட்டார் யாருடையது, பொதுச் சுவரை யார் பூசுவது என்று அப்புறம் வருஷக்கணக்கில் இழுபடுமே, அது மாதிரி. அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றது. அதற்கப்புறமும் இரண்டு தடவை தோற்றது. கடைசியில் அடுத்த பிரதமர் போரிஸ் ஜான்சன் காலத்தில், 2020 ஜனவரி 31 அன்றுதான் வெளியே வந்தார்கள்.

அந்தப் பொதுச் சுவர்தான் அயர்லாந்து எல்லை. வட அயர்லாந்து பிரிட்டனோடு, தெற்கே இருக்கிற அயர்லாந்து நாடு ஒன்றியத்தோடு, நடுவே வேலி போட்டால் வட அயர்லாந்தின் பல வருட ரத்தச் சண்டையை நிறுத்திய 1998 சமாதான ஒப்பந்தத்துக்கே ஆபத்து. அதனால் வேலி போடாமல், சரக்குச் சோதனையை இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடல் பக்கம் தள்ளிவிட்டார்கள். பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளினுக்கு பஸ்ஸில் போனால் எல்லை வந்ததே தெரியாது. வேகப் பலகையில் மைல் போய் கிலோமீட்டர் வரும், அவ்வளவுதான். நான் அனுப்பிய வேளச்சேரிப் பையன் ஒருவன் இதை நம்பி, பெல்ஃபாஸ்டில் படிக்கிற விசாவை வைத்துக்கொண்டு சனிக்கிழமை டப்ளின் பார்க்கக் கிளம்பிவிட்டான். வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறிய ஐரிஷ் போலீஸ்காரர் அவன் பாஸ்போர்ட்டை மட்டும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்திருக்கிறார். அதே பஸ்ஸிலேயே திரும்பி வந்தான். வேலி இல்லை என்பதால் விசா வேண்டாம் என்று அர்த்தமில்லை. அவர்கள் இரண்டு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அந்தச் சலுகை. மான்செஸ்டரில் சேர்ந்தால் உங்கள் மகளுக்கும் டப்ளின் போக தனி விசா வேண்டும் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்போது நான் எல்லா அப்பா அம்மாவுக்கும் சொல்கிற விஷயம். பிரிட்டன் ஐரோப்பாவுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது நம் பிள்ளைகளின் விசாவை முடிவு செய்வதில்லை, லண்டனில் உள்துறை அமைச்சர் யார், அந்த வருடம் குடியேற்றக் கணக்கு என்ன என்பதுதான் முடிவு செய்கிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 2009ல். படித்து முடித்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை தேடும் விசா அப்போது இருந்தது, அதை 2012 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கெட்டியாக உட்கார்ந்திருந்தது, மூடிய உள்துறை அமைச்சர் அதே தெரசா மே. நுங்கம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே இரண்டு ஆபீஸ் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள், இந்தியாவிலிருந்து அங்கே போகிற மாணவர் எண்ணிக்கை அடுத்த சில வருடங்களில் பாதியாகக் குறைந்தது. அதே இரண்டு வருட விசா வேறு பெயரில் திரும்ப வந்தது 2021 ஜூலை 1, ஒன்றியத்தை விட்டு முழுசாக வெளியே வந்து ஆறு மாதம் கழித்து! ஐரோப்பியர் வருவது குறைந்த இடத்துக்கு நம்மவர்கள் போனார்கள், நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு) 2023 வாக்கில் ஒரே வருடத்தில் 9 லட்சத்தைத் தாண்டியது. வெளியேற ஓட்டுப் போட்டவர்களில் நிறையப் பேர் கேட்டது இதற்கு நேர் எதிர். அந்தக் கோபத்தைத்தான் இன்றைக்கு எல்லாக் கட்சியும் துரத்திக்கொண்டு ஓடுகிறது, நம் பிள்ளைகள் மேல் விழுகிற கெடுபிடி அங்கிருந்து வருகிறது.

அந்தக் கெடுபிடி இதுவரை என்னென்ன என்றால், 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் சாதாரண எம்.எஸ்ஸி.க்கு கணவனையோ மனைவியையோ கூட்டிப்போக முடியாது (அயர்லாந்திலும் மாணவர் விசாவில் குடும்பம் போக முடியாது, நடுவில் கல்யாணப் பேச்சு ஏதாவது இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்). 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய விசா இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகிறது. அதற்குள் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிற கம்பெனி ஒன்று பிடிக்க வேண்டும். 2025 ஜூலையில் வேலை விசாவுக்கான சம்பள வரம்பை 41,700 பவுண்டாக ஏற்றினார்கள். புதிதாகப் படித்து வருபவர்களுக்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, 33,400. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு 5 வருடம் என்று இருந்ததை 10 ஆக்க வேண்டும் என்று 2025 மே மாதம் அரசு சொன்னது. குடியேற்றத்தை எதிர்க்கிற ரிஃபார்ம் கட்சியோ ஒரு படி மேலே போய், ஆட்சிக்கு வந்தால் அந்த உரிமையையே எடுத்துவிடுவோம் என்கிறது. அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும். உங்கள் மகள் அங்கே வேலையில் காலூன்றுகிற நேரம்.

டப்ளின் பக்கம், முதுகலை முடித்தவர்களுக்கு முதலில் 12 மாதம், வேலை தேடுவதைக் காட்டினால் இன்னும் 12 மாதம். ஐ.டி. வேலைகள் பல அவர்களுடைய 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்' என்கிற, ஆள் தட்டுப்பாடு உள்ள வேலைகளின் பட்டியலில் இருக்கின்றன. அந்த அனுமதியில் சுமார் இரண்டு வருடம் வேலை பார்த்தால், அப்புறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. படித்த காலம் சேராமல் ஐந்து வருடம் அங்கே வாழ்ந்து குடியுரிமையே வாங்கினால், ஐரோப்பா முழுக்கவும் பிரிட்டனிலும் வேலை பார்க்கலாம். அண்ணன் சொன்னது அந்த இடத்தில்தான் உண்மையாகிறது. ஆனால் அதற்கு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அதைப் பேச இன்னும் காலம் இருக்கிறது. டப்ளினின் தலைவலி வீடு. வாடகைக்கு அறை கிடைப்பது அங்கே பெரும்பாடு. அறை உறுதியாகாமல் விமானம் ஏறியவர்கள் ஹாஸ்டல் பங்க் கட்டிலில் மாதக்கணக்கில் கிடந்து பார்த்திருக்கிறேன்.

பிரெக்சிட்டால் உங்களுக்கு நேரடியாக ஒன்று நடக்கும் என்றால் அது பவுண்டு விலை. 2016 ஜூன் 24 காலை பத்து மணிக்குள் ரிசல்ட் தெரிந்துவிட்டது. அதுவரை 100 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த பவுண்டு அன்றைக்கே 92, 93க்கு வந்தது, அக்டோபரில் 85க்கும் கீழே. ஃபீஸ் கட்ட இருந்த அப்பாக்கள் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். அங்கே பவுண்டில் சம்பாதித்து இங்கே ரூபாயில் லோன் அடைத்துக்கொண்டிருந்த பழைய பிள்ளைகள் ராத்திரி போன் செய்து புலம்பினார்கள். அதனால் ஃபீஸை ஒரே நாளில் மொத்தமாக மாற்றாமல், பல்கலைக்கழகம் விட்டால் இரண்டு மூன்று தவணையாகக் கட்டுங்கள். மான்செஸ்டர் என்றால் விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமும் உண்டு, மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு, 16 மாத விசாவுக்கு ஒன்றரை வருடக் கணக்கு போட்டு 1,164 முன்கூட்டியே கேட்பார்கள். காசநோய்ச் சோதனைச் சான்றிதழும் வேண்டும். செலவுக்கான பணம் 28 நாள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போய்விடும்.

ஒரு சின்ன விஷயம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு உதவும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால், பிரிட்டனில் சட்டப்படி வசிக்கிற இந்தியர்கள் அங்கே பொதுத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம், மாணவர்களும்தான். 2016 வாக்கெடுப்பில் லண்டனில் இருபது வருடம் குடியிருந்த ஜெர்மன்காரருக்கு ஓட்டு இல்லை, அதற்கு முந்தின வருடம்தான் போய்ச் சேர்ந்த நம் மாம்பலத்துப் பெண்ணுக்கு இருந்தது.

என்னைக் கேட்டால் டப்ளின், லோன் முக்கால்வாசி என்பதால் சொல்கிறேன். 24 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் நடுவே இருக்கிற ஆறு மாதம் வேலை தேடுகிற பெண்ணுக்குப் பெரிய காலம், அங்கே விசா விதிகளும் அடிக்கடி புரளவில்லை. மான்செஸ்டர் பாடத்திட்டத்தில் கம்பெனியில் வேலை பார்க்கிற பகுதி ஏதாவது இருந்து டப்ளினில் அது இல்லை என்றால் என் பதில் மாறும், அதை மகளையே கேட்டுப் பாருங்கள். எங்கேயும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், இரண்டு ஆஃபர் கடிதத்திலும் விசா மறுக்கப்பட்டால் பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்று பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். டப்ளினில் அறைக்கு இன்றைக்கே எழுதிப் போடச் சொல்லுங்கள்.