மீந்த சிக்கனைச் சோதனைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நேற்று முன்தினம் இரவு கடையில் வாங்கிய கிரில் சிக்கனும் மயோனைஸும் சாப்பிட்டான். மறுநாள் மாலையிலிருந்து காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மீதியை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். டிஎன்ஏ சோதனையில் சில மணி நேரத்தில் கிருமி தெரிந்துவிடுமாமே? அதைப் பார்த்து மருந்து கொடுக்கலாமா?

பதில்: மருந்தை முடிவு செய்ய அந்தச் சிக்கன் உதவாது. பையனின் மலத்தைத்தான் சோதிக்க வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே. நீங்கள் சொல்லும் டிஎன்ஏ சோதனையான பிசிஆர், கிருமியின் பெயரைத்தான் சொல்லும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதற்கு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை வேண்டும். இரண்டுக்கும் சேர்த்தே கொடுங்கள்.

உணவுச் சோதனைக்கு 'சில மணி நேரம்' என்கிறார்களே, அதற்கு முந்தைய ஒரு ராத்திரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 25 கிராம் உணவில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா ஒரே ஒன்று இருந்தாலும் பிடிக்க வேண்டும். ஆனால் பிசிஆர் குழாய்க்குள் போவது ஒரு துளிக்கும் குறைவு. அதனால் அந்த 25 கிராமை 225 மில்லி ஊட்டத் திரவத்தில் கலந்து, 37 டிகிரியில் சுமார் 18 மணி நேரம் கிருமியை வளர விடுவார்கள். பிறகு கொஞ்சம் எடுத்துச் சூடாக்கி, கிருமியை உடைத்து, அதன் மரபணுத் துண்டு ஒன்றை 35 முதல் 40 சுற்றுகள் பெருக்குவார்கள். இந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் ஓரிரு மணி நேரம். 'இருக்கிறது' என்று வந்தால் கல்ச்சரில் உறுதிப்படுத்த இன்னும் சில நாள் ஆகும்.

'இல்லை' என்று வந்தாலும் உடனே நம்பாதீர்கள். கொழுப்பும் மசாலாவும் பிசிஆர் வினையைத் தடுக்கும். எனவே ஒவ்வொரு குழாயிலும் தெரிந்த டிஎன்ஏ ஒன்றைப் போட்டு வைப்பார்கள். அதுவும் பெருகவில்லை என்றால் அந்த 'இல்லை' செல்லாது, மாதிரியை நீர்த்து மறுபடி செய்ய வேண்டும். தவிர, தேடச் சொன்ன கிருமியைத்தான் அது தேடும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா உணவில் விட்டுப்போகும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. சால்மோனெல்லா சோதனையில் அது தெரியவும் தெரியாது. ஆனால் அந்த நச்சென்றால் 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்திதான் முந்தும். உங்கள் மகனுக்கு ஏறக்குறைய ஒரு நாள் கழித்துக் காய்ச்சலோடு வந்திருப்பதால் எனக்குச் சால்மோனெல்லா மீதுதான் சந்தேகம்.

அதுவாகவே இருந்தாலும், ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. 1 லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போனதும் 100 முதல் 200 மில்லி கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டாம். மலத்தில் ரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, துவண்டு கிடக்கிறான், காய்ச்சல் குறையவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைமீது புகார் கொடுப்பதானால், மீதியை மூடிய சுத்தமான டப்பாவில், ஃப்ரீசரில் அல்லாமல் கீழ்த்தட்டில் வைத்து, பில்லோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டுங்கள். மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை வந்தது.