எதுவரை வந்து நிற்கிறது? கணினி கேள்வி பதில்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்று போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எதுவரை வருகிறது? ஃபேன் சுற்றுகிறதா, கம்பெனி லோகோ தெரிகிறதா, விண்டோஸ் புள்ளிகள் வட்டமடிக்கின்றனவா? நிற்கிற இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த முறை கேள்வி அனுப்பியவர்களில் சிலர் அதைச் சொல்லவே இல்லை. ஊகித்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் டெஸ்க்டாப் செத்துக் கிடக்கிறது. லைட் இல்லை, ஃபேன் இல்லை. மதர்போர்டு போயிருக்கும், மாற்ற 6000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா, கவுண்டரில் உட்கார்ந்தபடியே சொன்னாரா? இரண்டாவது என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள் தம்பி.

அதே பிளக் பாயிண்டில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் கொடுங்கள். பேட்டரி உளுத்துப்போன யுபிஎஸ்ஸால் "செத்துப்போன" கணினிகள் ஏராளம். அப்புறம் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, முன்பக்கப் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். மின்சாரம் தாறுமாறாக வரும்போது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்வது உண்டு. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால் சில சமயம் தானாகவே எழுந்துவிடும்.

எழவில்லையா, பேப்பர் கிளிப் வேலை. கேபிளைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் செருகியிருக்கும் பெரிய 24 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கிளிப்பை 'ப' மாதிரி வளைத்து, ஒரு முனையைப் பச்சையிலும் மறுமுனையைப் பக்கத்துக் கறுப்பிலும் செருகுங்கள். கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது. ஆரோக்கியமாக இருக்கிறதா என்பது வேறு கதை. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஒயர் எல்லாமே கறுப்பாக வரும் புது மாடல் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம். எண்ணித் தப்பாகக் குத்திவிடுவீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

இன்னொன்று, பவர் பட்டனே பழுதாகியிருக்கலாம். கிளிப்பை எடுத்துவிட்டு 24 பின் கனெக்டரைத் திரும்பச் செருகிக்கொள்ளுங்கள். மதர்போர்டு ஓரத்தில் பட்டனிலிருந்து வரும் இரண்டு பின் ஒயரைக் கழற்றி, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு இரண்டையும் மாற்றிவிட்டு என்னிடம் வந்த ஒருவருக்குக் கடைசியில் கெட்டிருந்தது அந்தப் பட்டன்தான்.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, ஆனால் மானிட்டரில் "நோ சிக்னல்". கீபோர்டில் Num Lock அழுத்தினாலும் லைட் எரியவில்லை.

பதில்: முதல் சந்தேகம் ரேம் மேல்தான், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை. மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகவோ திட்டுத்திட்டாகவோ தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழக் கூடாது, தள்ளி வைத்துத் தேயுங்கள். ஸ்லாட்டைப் புது பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். திரும்பச் செருகும்போது 'டக்' என்று கிளிப் பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். பலர் பயந்துபோய் அரைகுறையாக அழுத்துகிறார்கள். கடலோர ஊர் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்யத்தான் வேண்டியிருக்கும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ஒற்றை ரேம் என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்.

கேள்வி: சார், நானே அசெம்பிள் செய்தேன். டிடிஆர்5 ரேம், புது கிராபிக்ஸ் கார்டு. ஆன் செய்தால் கறுப்புத் திரை. பயத்தில் உடனே அணைத்துவிடுகிறேன்.

பதில்: அணைக்காதீர்கள், அதுதான் பிரச்சினையே. டிடிஆர்5 போர்டுகள் முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும். பிராசசருக்குத் தனியாக வரும் 8 பின் ஒயரையும் பாருங்கள்.

கேள்வி: தினமும் ஆன் செய்யும்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. எஃப்1 அழுத்து என்கிறது. அழுத்தினால் வேலை செய்கிறது, ஆனால் இணையதளம் எதுவும் திறப்பதில்லை.

பதில்: மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. மூன்று வோல்ட் பேட்டரி அது, தீர்ந்துவிட்டது. பேன்சி கடையில்கூடக் கிடைக்கும். இணையதளம் திறக்காததும் தேதி தப்பாக இருப்பதால்தான்: பழைய தேதியில் நிற்கும் கணினிக்கு, தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

கேள்வி: பேட்டரிக் கேள்வி கேட்டவன்தான். மாற்றிவிட்டேன், தேதி சரி. இப்போது விண்டோஸ் லோகோ வந்து, நீலத் திரையில் "இன்அக்சசபிள் பூட் டிவைஸ்" என்று நிற்கிறது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா?

பதில்: ஐயோ, வேண்டாம். நான் முன்பே எச்சரித்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பழையபடி ஆகிவிட்டன. அதில் சாட்டா மோடு என்று ஒன்று இருக்கும், டிஸ்க்கோடு கணினி பேசும் முறை. விண்டோஸ் போட்டபோது ஏஹெச்சிஐ ஆக இருந்தது இப்போது ரெய்டு அல்லது ஐடிஇ ஆக மாறியிருக்கும். பயாஸுக்குள் போய்த் திரும்ப மாற்றிச் சேமியுங்கள். தரவு ஒன்றும் போகவில்லை.

கேள்வி: லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் ஆனது. இப்போது பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கிறது. நான் அப்படி எதுவும் போட்டதே இல்லை.

பதில்: பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடவில்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தபோது விண்டோஸே போட்டிருக்கும். மொபைலில் அதே கணக்கில் நுழைந்து ரெகவரி கீ பக்கத்தைப் பாருங்கள். பல கீ இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்தோடு ஒத்துப்போவதை எடுங்கள். கீ மொத்தம் 48 இலக்கம். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் இருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றனவே, அப்போது பல அலுவலகங்களில் நேரத்தைத் தின்றது இந்தக் கீயைத் தேடும் வேலையும்தான். அந்தப் பழுதான அப்டேட் கோப்பை அழிக்க, விண்டோஸ் குறைந்தபட்ச வசதியோடு மட்டும் எழும் சேஃப் மோடுக்குள் போக வேண்டும், அங்கே போக இந்த 48 இலக்கம் வேண்டும். கீ எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் மீட்க முடியாது. முடியும் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: "நோ பூட் டிவைஸ்" என்று வருகிறது. நேற்றுவரை நன்றாக இருந்தது.

பதில்: பென்டிரைவைக் கழற்றினீர்களா? செருகியிருந்தால் கணினி அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் 'டிக்... டிக்...' என்று அடிக்கிறது, விண்டோஸ் வரவில்லை. அக்கா கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான்.

பதில்: இதைப் படிக்கும்போதே அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கக் கூடாது. உள்ளே சுற்றும் தட்டைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்புகிற சத்தம் அது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு கூடும். செக் டிஸ்க் ஓட்டுவது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் வேண்டாம். டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோங்கள். செலவு அதிகம்தான். படங்களுக்கு அந்த விலை உண்டா என்பதை அக்காவிடம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, மதர்போர்டு 6000 ரூபாய்க்காரன். பேப்பர் கிளிப்பில் ஃபேன் சுற்றியது. ஸ்க்ரூடிரைவரில் தொட்டேன், ஒன்றும் இல்லை. பேசாமல் வாங்கிவிடவா?

பதில்: வாங்குவதற்கு முன் கழற்றுங்கள். பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் இவை போதும். ஹார்ட் டிஸ்க், முன்பக்க ஆடியோ, முன்பக்க யுஎஸ்பி ஒயர் எல்லாம் வெளியே. பிறகு ஸ்க்ரூடிரைவர்.

கேள்வி: எழுந்துவிட்டது! ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தேன். முன்பக்க யுஎஸ்பி ஒயரைச் செருகினால் மட்டும் மறுபடி செத்துவிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் போர்ட் உள்ளே ஒரு பின் வளைந்து இரும்பைத் தொடுகிறது. தம்பி மகன் பென்டிரைவைத் தலைகீழாகச் செருகியிருப்பான் போல.

பதில்: அதுதான். அந்தப் பின் இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆனதும் எஸ்எம்பிஎஸ் மூச்சு விடாமல் நின்றுவிட்டது. கரண்ட் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். பின்னை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மறுபடி வளையும். ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிப் போடுங்கள். பின்பக்கப் போர்ட்டுகள் போதும், அங்கே பையனுக்குக் கையும் எட்டாது.