தோள்பட்டை இறுக்கம்: கரன்ட் வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 52. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நாலு மாதமாக இடது தோளில் வலி. இப்போது தலை பின்னிக்கொள்ளக்கூட கை போகவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், ‘பெரி ஆர்த்ரைட்டிஸ், ஊசி போடலாம்’ என்கிறார். ஊசி போட்டால் சர்க்கரை ஏறுமாமே? வீட்டுப் பக்கத்து பிசியோதெரபி கிளினிக்கில் கரன்ட் வைத்தார்கள். அன்றைக்கு மட்டும் சுகம். அக்கா புத்தூர் கட்டுக்குக் கூப்பிடுகிறாள். என்ன செய்யட்டும்?
– பெரம்பூர் வாசகி

பதில்: கட்டு மட்டும் வேண்டாம். உங்களுக்கு எலும்பு முறியவில்லை, மூட்டும் நழுவவில்லை. தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை புண்பட்டு, தடித்துச் சுருங்கியிருக்கிறது. அதை அசையாமல் கட்டி வைத்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். சுளுக்கு எடுக்கிறேன் என்று கையைத் திருகுபவர்களிடமும் போகாதீர்கள். ஃப்ரோசன் ஷோல்டர் என்று எல்லோரும் சொல்வதைத்தான் உங்கள் டாக்டர் பெரி ஆர்த்ரைட்டிஸ் என்கிறார். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், பெண்களுக்கு, சர்க்கரையும் தைராய்டும் இருப்பவர்களுக்கு அதிகம் வருவது இது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். வலது கை சுலபமாகப் போகும்; இடது பாதியிலேயே நிற்கும். வேறொருவர் மெதுவாகத் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றால் உறை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்தவர் தூக்கினால் கை முழுதாக மேலே போகிறது, நீங்களாகத் தூக்கினால்தான் போகவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

இந்த நோய்க்கு மூன்று கட்டம். முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்ல இளகுவது. எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று வருடம் இழுக்கலாம். ராத்திரி வலி இருப்பதால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. இந்தக் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை வளைப்பது தப்பு. 2004-ல் நெதர்லாந்தில் 77 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வலி எல்லையைத் தாண்டாமல் பயிற்சி செய்தவர்கள், முரட்டுத்தனமாக இழுக்கப்பட்டவர்களைவிட இரண்டு வருட முடிவில் நன்றாகவே இருந்தார்கள். ‘கத்தக் கத்த இழுத்தால்தான் சரியாகும்’ என்று சொல்லும் கிளினிக்குகள் இங்கே இன்னும் இருக்கின்றன. அது எனக்கு எரிச்சல்தான்.

ஐ.எஃப்.டி. என்கிற கரன்ட் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும். சுருங்கிய உறையை நீட்டாது. அந்த வலியில்லாத நேரத்தில் பிசியோ உங்கள் தோளில் கை வைத்து மூட்டை வழுக்கிவிட வேண்டும். குறிப்பாக, மேற்கை எலும்பின் தலையைப் பின்பக்கமாக நகர்த்துவது வெளித்திருப்பத்துக்கு உதவும். மெஷினைப் பொருத்திவிட்டு அடுத்த பேஷன்ட்டிடம் போய்விடுகிறார்கள், சிட்டிங் அதோடு முடிகிறது என்றால் இடத்தை மாற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி போதும். பத்து நிமிடம் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்; சர்க்கரையால் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் சூட்டை வீட்டில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வலது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பெயரில் வழங்கும் பயிற்சி இது. கையின் தசையால் ஆட்டக் கூடாது, உடம்பு அசைகிற அசைவில் கை தானாக ஆட வேண்டும்.

அடுத்தது குடை. மல்லாந்து படுத்து, இடது மேற்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, முழங்கையை மடக்கி, மூடிய நீளக் குடையை இரு கையாலும் பிடியுங்கள். வலது கையால் குடையைத் தள்ளி இடது முன்கையை வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். லேசாக இழுக்கும் இடத்தில் 15 விநாடி நிறுத்துங்கள். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. அரை மணியில் வலி அடங்கினால் சரியான அளவு; அன்று ராத்திரி குடைந்தால் மறுநாள் குறைத்துவிடுங்கள். சுவரில் விரல்களை நடத்திக் கையை மேலே ஏற்றும் பயிற்சியை இப்போதைக்கு விடுங்கள். முக்கால்வாசிப் பேர் தோளைக் காது வரை தூக்கிக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள். கண்ணாடி முன் செய்தால் தெரியும். முதுகுக்குப் பின்னால் துண்டு இழுப்பதும் வலி அடங்கிய பிறகுதான்.

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு இந்த வலிக் கட்டத்தில்தான் நன்றாகக் கேட்கும்; பயிற்சி செய்யவும் வழிவிடும். சர்க்கரை சில நாள் ஏறும், உண்மைதான். சர்க்கரை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த வாரம் தினமும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சர்க்கரை ரொம்ப அதிகமாக இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு ஊசி போடலாம். ஆபரேஷன் அவசரம் இல்லை: பிரிட்டனில் 503 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஊசியோடு பிசியோதெரபி பெற்றவர்களுக்கும், மயக்க மருந்து கொடுத்து இறுகிய தோளை டாக்டர் அசைத்து விடுவித்துவிட்டவர்களுக்கும், துளை வழி அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஒரு வருட முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

தூங்கும்போது இடது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். ஜாக்கெட் போடும்போது முதலில் இடது கை, கழற்றும்போது கடைசியில் இடது கை. பஸ்ஸில் அந்தக் கையால் மேல்கம்பியைப் பிடிக்காதீர்கள்; ஒரு சடன் பிரேக் போதும்.

நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ இடது தோள் வலி வந்து, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது தோள் சமாச்சாரம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி செலவு இடித்தால், உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். பிசியோதெரபி பிரிவு அங்கே உண்டு. எக்ஸ்ரேயையும் சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.