இறக்கிய பழைய காரில் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. கேம்பர் கிட் வாங்க வேண்டுமா?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: 1990களின் ஹோண்டா சிவிக், சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டுகிறீர்கள், ஸ்பிரிங் மாற்றி நாலு சென்டிமீட்டர் போல இறக்கியிருக்கிறீர்கள். போட்ட டயரின் உள்விளிம்பு ஒரு வருடத்துக்குள் மொட்டையாகிவிட்டது. என் காரும் 1996இல் வந்த அதே தலைமுறை சிவிக்தான், அதுவும் இறக்கியதுதான். அதனால் தயங்காமல் சொல்கிறேன்: சக்கரச் சாய்வைத் திருத்தும் அந்தக் கிட்டை இப்போது வாங்காதீர்கள். டயரை இவ்வளவு சீக்கிரம் தின்பது பெரும்பாலும் கேம்பர் இல்லை, டோ.

முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களின் முன்முனைகளும் உள்ளே குவிகின்றனவா, வெளியே விரிகின்றனவா என்பது டோ. சிவிக்கின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருக்கும். மேல் ஆர்ம் கீழ் ஆர்மைவிடக் குட்டை. கார் இறங்கினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், அது கண்ணுக்குத் தெரியும். கூடவே ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறி, முன்சக்கரங்கள் பெரும்பாலும் வெளிப்பக்கமாக விரிந்துகொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டுமே உள்விளிம்பைத்தான் தேய்க்கும் என்பதால் பழி முழுவதும் கேம்பர் மேல் விழுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து டோ 3 மில்லிமீட்டர் தப்பாக இருக்கிறது, டயரின் விட்டம் சுமார் 600 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. தினமும் பிஐஇ விரைவுச்சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருகிற காரில் டயர் என்ன ஆகும்? மாறாக, டோ சரியாக இருந்து கேம்பர் மட்டும் மைனஸ் ஒன்றரை டிகிரி (மேல்பக்கம் உள்ளே சாய்ந்து) இருந்தால், உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேயும், அவ்வளவுதான். டயரை அவ்வப்போது இடம் மாற்றினால் போதும்.

எது காரணம் என்று உள்ளங்கையே சொல்லிவிடும். கார் நன்றாக ஆறிய பிறகு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்துவிட்டு, டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் டோ. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி சரிவாக வழவழவென்று இருந்தால் கேம்பர். அடியில் கம்பி வெளியே தெரிந்தால் அந்த டயரில் இனி ஓட்டவே ஓட்டாதீர்கள், விரலில் குத்தவும் செய்யும். வெளிப்பக்கம் நல்ல டயராகத் தெரியும், உள்பக்கம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் பள்ள ஆழம்கூட இருக்காது. இங்கே கொட்டுகிற மழையில் அது நிஜமாகவே உயிருக்கு ஆபத்து. பின்சக்கரத்தின் உள்பக்கம் நேராகத் தெரியாது, கைப்பேசியை அடியில் நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது புஷ், ஆர்ம்களின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம். இருபத்தைந்து, முப்பது வயதுக் காரில் ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் தளர்ந்திருந்தால் எந்த அலைன்மென்டும் (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது) நிற்காது. மெஷின் மேல் நிற்கும்போது எண் சரியாகக் காட்டும், சாலையில் பிரேக் பிடித்ததும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நம் சிவிக்கில் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தை முன்னிருந்து பிடிக்கும் ட்ரெய்லிங் ஆர்மின் பெரிய புஷ். அது கிழிந்தால் பின்சக்கரத்தின் டோ அலைபாயும். ஸ்பிரிங் மாற்றுகிற பலர் விட்டுவிடுகிற இன்னொன்றும் உண்டு: ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் திரும்ப முறுக்க வேண்டும். காரைத் தூக்கி வைத்தே முறுக்கினால் புது புஷ்கூட எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஒர்க்‌ஷாப்பில் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் போகிற காக்கி புக்கிட் வட்டார மெக்கானிக் அங்கிள், கேட்பதற்கு முன்பே ஜாக்கை இறக்கிவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். அதனாலேயே அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலேயே கேம்பரைத் தோராயமாக அளக்கலாம். நூலில் ஒரு நட்டைக் கட்டி ஃபெண்டரிலிருந்து தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 15 இன்ச் ரிம்மில் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் பல மாடி கார் நிறுத்துமிடத்தின் தரை மழைநீர் வடியச் சற்றுச் சரிந்திருக்கலாம். அதனால் காரைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தி இன்னொரு முறை அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள்.

சரி, இதெல்லாம் பார்த்த பிறகும் கேம்பர் மைனஸ் இரண்டைத் தாண்டுகிறது, அல்லது இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் அப்போது பாகம் வாங்குங்கள். இந்த சிவிக்கில் கம்பெனி கொடுத்த கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. முன்பக்கத்துக்கு நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம் வேண்டும். ரொம்ப இறக்கிய காரில் அது மேலே காரின் உடலில் இடிக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பின்பக்கம் இன்னும் எளிது: மேல் ஆர்ம் உடலில் பொருந்துகிற இரண்டு போல்ட்டிலும் சம தடிமன் வாஷர் வைத்தால் சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே தள்ளப்படும். போல்ட்டின் மரை போதுமான அளவு உள்ளே ஏறுகிறதா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மிட்சுபிஷி லான்சர் மாதிரி முன்பக்கம் ஸ்ட்ரட் (மேல் ஆர்முக்குப் பதில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள காருக்கு, ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட் ஒன்றுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரி அளவுக்குக் கிடைக்கும். பெரிய மேட்டிலோ பள்ளத்திலோ இடித்தால் அது நழுவ வாய்ப்புண்டு, ஆகவே முறுக்கிய பிறகு பெயின்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள், நழுவினால் தெரிந்துவிடும்.

எதை மாற்றினாலும் டோவைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ மாறும். அலைன்மென்ட் எடுக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் நீங்களே உட்காருங்கள். மாற்றத்துக்கு முன், பின் இரண்டு பிரிண்ட்அவுட்டும் கேளுங்கள். இறக்கிய காரில் கேம்பர் எண் சிவப்பில் வரலாம், மெஷின் அதைக் கம்பெனி அளவோடு ஒப்பிடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. டோ சிவப்பில் வந்தால் மட்டும் இடத்தை விட்டு நகராதீர்கள். பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் வருகிற பரிசோதனையில் சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது என்றும் பார்ப்பார்கள். டோ ஒழுங்காக இருந்தால் அங்கேயும் கவலை இல்லை.

தேய்ந்த டயரை உடனே தூக்கிப்போட வேண்டுமென்பதில்லை. கம்பி தெரியாமல், ஆழம் மிச்சமிருந்தால், ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போடச் சொல்லுங்கள், உள்பக்கம் வெளியே வரும். சுழலும் திசை குறித்த டயர் என்றால் திருப்பிய பிறகு எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதியே இருக்கிற டயரை இப்படித் திருப்ப முடியாது.